இருபது அடி

மெல்பர்ன் கால்பந்துக் கழகம் ஒவ்வோர் ஆண்டும் ஆட்டப் பருவம் முடிந்ததும் தன் அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு பதக்கம் தருகிறது. ஜிம் ஸ்டைன்ஸ் அதை நான்கு முறை வென்றார். அண்மை ஆண்டுகளில் கிளேட்டன் ஆலிவரும் மேக்ஸ் கானும் வென்றிருக்கிறார்கள். எல்லோரும் நூற்றுக்கணக்கில் ஆட்டம் ஆடியவர்கள். ஆனால் 1943 முதல் அந்தப் பதக்கம் யார் பெயரைச் சுமக்கிறதோ அவர் ஆடியது மொத்தம் 50 ஆட்டங்கள். அடித்தது 31 கோல்கள். அவர் பெயர் கீத் வில்லியம் டிரஸ்காட்.

ஊர் அவரைக் கூப்பிட்டது ‘புளூயி’ என்று. செம்பட்டை முடிக்காரரை ‘நீலம்’ என்று கூப்பிடுவது ஆஸ்திரேலியப் பழக்கம். நெட்டையனைக் குள்ளா என்று நாம் கூப்பிடுவதைப் போலத்தான். 1916 மே 17 அன்று மெல்பர்னின் பிரஹ்ரான் பகுதியில் பிறந்தவர். மெல்பர்ன் ஹை ஸ்கூலில் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் அவர்தான் கேப்டன். கட்டையான உடம்பு, உரத்த குரல், நாலு பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற குணம். 1943 மார்ச் 28 அன்று, 27 வயது நிறைய ஏழு வாரம் இருக்கும்போது, இந்தியப் பெருங்கடலோரம் அவர் ஓட்டிய போர் விமானம் கடலில் மோதி மூழ்கியது. எதிரி யாரும் சுடவில்லை. இயந்திரக் கோளாறும் இல்லை. கடல் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதை அவர் தவறாகக் கணித்துவிட்டார்.

டிரஸ்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீழ்த்திய விமானங்களை எண்ணுவார்கள், பதக்கங்களைச் சொல்வார்கள். எனக்கு அவர் வாழ்க்கையில் மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன அளவு: இருபது அடி. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில், தரை இன்னும் சுமார் 20 அடி கீழே இருக்கும்போதே வந்துவிட்டதாக நினைத்து விமானத்தை மட்டப்படுத்திவிடுவார். அந்தப் பழக்கம் அவரை முழுக்க விட்டுப் போகவே இல்லை. காற்றில் வரும் பந்தை அத்தனை துல்லியமாகக் கணித்த ஒருவருக்குத் தரை ஏன் பிடிபடவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அவருடைய ஆட்டமும் போரும் சாவும் ஒரே இழையில் வருகின்றன.

முதலில் ஆட்டம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அந்த ஊர்ப் பேச்சில் ‘ஃபூட்டி’, கிரிக்கெட் மைதானத்தில் ஆடப்படுவது. பக்கத்துக்கு 18 பேர். பந்து இரு முனையும் கூம்பிய நீள்வட்டப் பந்து. இரு கோடியிலும் வலையில்லாத நான்கு கம்பங்கள். உயரமான நடு இரண்டுக்கு இடையில் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. உதைத்த பந்து தரையைத் தொடுமுன் சுத்தமாகப் பிடித்தால் அது ‘மார்க்’. பிடித்தவருக்கு யாரும் இடையூறு செய்யாமல் அடுத்த உதை உதைக்கும் உரிமை கிடைக்கும். கால்பகுதி ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் 25 நிமிடம், அதோடு வீணான நேரமும் கூட்டப்படும். மாற்று ஆள் ஒரே ஒருவர், 19-ஆம் ஆள். அவர் உள்ளே வந்தால் வெளியே போனவர் அன்றைக்குத் திரும்ப முடியாது. அதனால் காயம்பட்டவர்கள் பலர் நொண்டிக்கொண்டே ஆடினார்கள்.

டிரஸ்காட் ஆடியது அரை முன்களத்தின் ஓரத்தில், அதாவது நடுக்களத்துக்கும் எதிரணியின் கோல் முனைக்கும் இடையில். பந்து நடுக்களத்திலிருந்து உயரமாக உதைபட்டு வரும், மூன்று நான்கு விநாடி காற்றில் இருக்கும். அந்த நேரத்துக்குள் அது எங்கே விழும் என்று கண்டு, முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் பின்கள வீரரின் தோளையும் முழங்காலையும் பொருட்படுத்தாமல் அங்கே போய் நிற்க வேண்டும். பிடித்தவுடன் அடுத்தவருக்கு உதைக்க வேண்டும். ஓடுகிறவர் இருக்கும் இடத்துக்கு உதைத்தால் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் விழும். அவர் நாலு எட்டு வைத்தபிறகு எங்கே இருப்பாரோ அங்கே போக வேண்டும் பந்து.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கிறவருக்கு அதன் உயரம் தெரிய வேண்டியதே இல்லை. பந்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்கும் கோணம் ஒரே சீராக மாறும்படி ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். பந்து விழும் இடத்துக்குக் கால் தானாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அடி, கஜம் என்று எந்தக் கணக்கும் மனத்துக்குள் நடப்பதில்லை. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே கேட்ச் பிடிக்கிறவர் செய்வதும் இதுதான். விமானத்தைத் தரையில் இறக்குவது அப்படி அல்ல. தரை எத்தனை அடி கீழே என்று கண் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தடுமாறுவது வியப்பில்லை. கண்ணுக்கு அவை இரண்டும் வேறு வேறு வேலைகள்.

1937-இல் மெல்பர்ன் அணியில் இடம் பிடித்தார். பயிற்சியாளர் ஃபிராங்க் ‘செக்கர்’ ஹியூஸ், கேப்டன் ஆலன் லா ஃபோன்டெய்ன். இரண்டே ஆண்டில் அந்த அணி உச்சத்துக்குப் போனது. 1939 இறுதி ஆட்டத்தில் காலிங்வுட்டை 148-க்கு 95 என்று வென்றது. ஐரோப்பாவில் போர் மூண்டு நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் டிரஸ்காட் விமானப்படையில் சேர்ந்தார். செப்டம்பர் 28 அன்று 1940 இறுதி ஆட்டம். பயிற்சி முகாமில் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து ஆடினார். ரிச்மண்டை 107-க்கு 68 என்று தோற்கடித்தார்கள்.

அந்த 1940 அணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. அன்று 19-ஆம் ஆளாக இருந்த ரான் பராசி 1941 ஜூலை 31 அன்று லிபியாவின் டோப்ருக்கில் போரில் கொல்லப்பட்டார். அவர் விட்டுப்போன ஐந்து வயது மகன் வளர்ந்தபோது, தகப்பன் ஆடிய கழகத்திலேயே மகனும் ஆட வழிசெய்யும் விதி உருவானது. அந்த மகன் ரான் பராசி பின்னாளில் அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானார். நடுவர் பந்தை மேலே விடும்போது எம்பித் தட்டும் உயரமான ஆள், ‘ரக்மேன்’, ஹாரல்ட் பால், மில்டுராவுக்கு அருகே மெர்பெய்னில் வளர்ந்தவர், கள மருத்துவப் பிரிவில் பணியாற்றி 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இறந்தார். மெல்பர்ன் அணியின் சிறந்த இளம் வீரருக்கான கோப்பைக்கு அவர் பெயர்.

இனி அந்த இருபது அடி. தொடக்கப் பயிற்சிக்கு அப்போது டைகர் மாத்: இரட்டைச் சிறகு, துணி போர்த்திய உடல், முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சறுக்குக் கட்டை. அதை இறக்கும் முறை கேட்க எளிது. எஞ்சின் விசையைக் குறைத்து, சீரான வேகத்தில் சரிந்து வர வேண்டும். தரை நெருங்கும்போது கட்டுப்பாட்டுத் தடியை மெல்லப் பின்னுக்கு இழுத்துச் சரிவை மட்டமாக்க வேண்டும். பிறகு தரைக்கு ஓரிரு அடி மேலேயே விமானத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறையக் குறையத் தடியை இன்னும் இழுக்க, சிறகுகள் தாங்கும் சக்தியை இழக்கும் அதே நொடியில் மூன்று புள்ளியும் ஒன்றாகத் தரையைத் தொடும்.

இதையே 20 அடி உயரத்தில் செய்தால் என்ன ஆகும்? வேகம் அங்கேயே தீர்ந்துபோகும். சிறகு தாங்காது. விமானம் மிதப்பதை விட்டுக் கல்லாக விழும். நேராக விழுந்தால் சக்கரக் கால்கள் வளையும். ஒரு சிறகு முந்திச் சாய்ந்தால் அந்தச் சிறகு நுனி தரையில் குத்தி விமானமே சுழலும். தப்பிக்க ஒரே வழி, தவறு தெரிந்தவுடன் விசையைக் கூட்டி மறுபடி மேலே போவது. இந்தத் தவறு மாணவர்களுக்கு ஏன் வருகிறது என்பதும் பயிற்சியாளர்களுக்குத் தெரிந்ததே. மூக்கின் முன்னால் மிக அருகிலுள்ள தரையைப் பார்த்தால் புல் மங்கலாகி விரைந்தோடும், தரை வந்துவிட்டது போல் தோன்றும், கை தானாக இழுத்துவிடும். கொஞ்சம் தள்ளி, ஐம்பது கஜத் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் பார்வையை நிறுத்த வேண்டும். புல் இதழ் இதழாகப் பிரிந்து தெரிகிறதா, தொடுவானம் கண்மட்டத்துக்கு எழுகிறதா என்று ஓரக்கண்ணால் உணர வேண்டும். அதாவது தரையில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். இது பின்னால் தேவைப்படும்.

டிரஸ்காட் இதில் மெதுவாகவே தேறினார். வேறொருவராக இருந்தால் விமானியாகத் தேறாமலே போயிருக்கலாம். பேரரசு விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ் கனடாவுக்கு அனுப்பப்பட்டு அங்கே பயிற்சி முடித்து, 1941 மே மாதம் இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் கிர்ட்டன் இன் லிண்ட்சி தளத்துக்கு வந்தார். அங்கே 452-ஆம் ஸ்குவாட்ரன் அப்போதுதான் உருவாகியிருந்தது. அந்தத் திட்டத்தில் பிரிட்டனில் அமைந்த முதல் ஆஸ்திரேலியப் போர்விமானப் பிரிவு. ஓட்ட வேண்டியது ஸ்பிட்ஃபயர்.

ஸ்பிட்ஃபயர் காற்றில் தேவதை, தரையில் தொல்லை. நீண்ட எஞ்சின் முன்புறப் பார்வையை முழுக்க மறைக்கும். நேராக இறங்க வந்தால் ஓடுதளமே தெரியாது. அதனால் மணிக்கு சுமார் 85 மைல் வேகத்தில் வளைந்தபடியே வந்து, கடைசி நொடியில் நேராக்கி இறக்க வேண்டும். சக்கரக் கால்களுக்கு இடையே அகலம் குறைவு. கொஞ்சம் தூக்கிப்போட்டாலும் ஒருபக்கம் சாயும். உயரத்திலேயே மட்டப்படுத்திவிடும் பழக்கமுள்ளவருக்கு இதைவிடக் கடினமான விமானம் கிடைப்பது அரிது. ஆனால் மேலே போய்விட்டால் அவருடைய மற்ற கண் வேலை செய்யத் தொடங்கியது.

அந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் வகையின் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளில் ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள். விடாமல் அழுத்தினால் ஆறு விநாடியில் தீர்ந்துவிடும். அவற்றோடு நான்கு சிறு இயந்திரத் துப்பாக்கிகள். எல்லாம் சுமார் 250 கஜத்தில் ஒரு புள்ளியில் குவியும்படி திருப்பி வைக்கப்பட்டிருக்கும். எதிரி விமானம் மணிக்கு 300 மைல் வேகத்தில் குறுக்கே போகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 134 மீட்டர். குண்டு 250 கஜம் கடக்க ஏறத்தாழ விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். அதற்குள் எதிரி சுமார் 40 மீட்டர் போய்விடுவான். ஜெர்மானியரின் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் நீளம் 9 மீட்டருக்குள்தான். எனவே அதன் மூக்குக்கு முன்னால் நாலு விமான நீளம் வெறும் வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். புதியவர்கள் எல்லோரும் பின்னால் சுட்டார்கள். விமானத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கு முன்னாலுள்ள வெறும் இடத்தை நம்புவதற்கு மனம் ஒப்பாது. ஓடுகிறவனுக்கு முன்னால் பந்தை உதைத்துப் பழகியவருக்கு ஒப்பும்.

1941 ஜூலையில் ஸ்குவாட்ரன் லண்டனுக்குத் தெற்கே கென்லி தளத்துக்கு மாறியது. தலைவர் ராபர்ட் பங்கி. ஸ்குவாட்ரனின் உட்பிரிவான ஃபிளைட்டுகளின் தலைவர்களில் ஒருவர் அயர்லாந்துக்காரர் பேடி ஃபினுகேன். இருபது வயதிலேயே பேர் எடுத்த ஃபினுகேனும் டிரஸ்காட்டும் பிரிக்க முடியாத சோடி ஆனார்கள். சில குண்டுவீச்சு விமானங்களைத் தூண்டில் புழுவாக வைத்து, சுற்றிலும் ஏராளமான ஸ்பிட்ஃபயர்களைப் பறக்கவிட்டு ஜெர்மானியரை மேலே இழுப்பது அந்தக் கோடையின் உத்தி. ஆகஸ்டு மாதம் டிரஸ்காட் முதல் விமானத்தை வீழ்த்தினார். ஆண்டு முடிவதற்குள் மேன்மைமிகு பறத்தல் சிலுவை விருது. நவம்பரில் அவரே சுடப்பட்டு ஆங்கிலக் கால்வாயில் விழுந்து மீட்கப்பட்டார்.

மொத்தம் எத்தனை வீழ்த்தினார் என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும். குறைந்தது 11 என்று எழுதுகிறவர்களும் உண்டு, அதற்கு மேலே போகிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் பொய் அல்ல. ஒரே விமானத்தை இருவர் சுட்டு இருவரும் தனதென்று நினைப்பார்கள். புகைவிட்டுக் குப்புறப் பாயும் மெஸ்ஸர்ஷ்மிட் விழுகிறது என்று தோன்றும், அது தப்பி வீடு போயிருக்கும். சண்டை நடந்தது பிரான்ஸின் மேலே, விழுந்த சிதைவைப் போய் எண்ண வழியில்லை. ஐந்து வீழ்த்தினாலே ‘ஏஸ்’ என்பதால் அவர் அந்தத் தகுதியை எந்தக் கணக்கிலும் தாண்டியவர். அதற்குமேல் எண்ணில் தொங்குவதில் எனக்கு அக்கறை இல்லை.

1942 ஜனவரியில் ஸ்குவாட்ரனின் தலைமை அவருக்கு வந்தது. பிப்ரவரி 12 அன்று ஷார்ன்ஹார்ஸ்ட், நைசனாவ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் கால்வாயைக் கடந்து ஓடியபோது அவற்றின் துணைக்கப்பல்மீது தன் பிரிவைத் தாழப் பறக்கவிட்டுத் தாக்கினார். அதே விருது இரண்டாம் முறை வந்தது. ஃபினுகேன் அந்த ஜூலையில் கால்வாயில் விழுந்து மூழ்கிப்போனார், வயது 21. டிரஸ்காட் அதற்குள் ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஜப்பான் வாசலுக்கு வந்துவிட்டதால் சொந்த நாட்டில் தேவைப்பட்டார்.

1942 மே மாதம் ஒரு சனிக்கிழமை ரிச்மண்டுக்கு எதிராக மெல்பர்ன் ஆடியது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் டிரஸ்காட் அணியின் கேப்டன். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தை இராணுவம் எடுத்துக்கொண்டிருந்தது. போர் முடியும்வரை அணிக்குச் சொந்த மைதானம் இல்லை, பக்கத்திலுள்ள ரிச்மண்டின் பன்ட் ரோடு மைதானமே கதி. ஜீலாங் அணி அந்தப் பருவம் ஆடவே இல்லை. ஒவ்வொரு வாரமும் யார் விடுப்பில் வந்திருக்கிறார்களோ அவர்களை வைத்து அணி கட்டிய காலம் அது. அவருடைய 50-ஆவது ஆட்டம். கடைசி ஆட்டமும் அதுவே.

அடுத்து 76-ஆம் ஸ்குவாட்ரன், கிட்டிஹாக் விமானம். ஸ்பிட்ஃபயரை விடக் கனமானது. எஞ்சினின் காற்றழுத்தி ஒரே கட்டமாக இருந்ததால் 15,000 அடிக்கு மேலே மூச்சு வாங்கும். ஆனால் தாழ்வில் உறுதியானது. ஆறு அரை அங்குல இயந்திரத் துப்பாக்கிகள், துப்பாக்கிக்குச் சுமார் 250 குண்டுகள், இருபது விநாடிச் சுடுதலுக்குப் போதும். நியூ கினியின் கிழக்கு முனையில் மில்ன் விரிகுடாவில் அந்த விமானத்துக்கு ஏற்ற போர் நடந்தது.

அந்தத் தளத்தைக் கற்பனை செய்வதற்குத் தென்னந்தோப்பையும் அடைமழையையும் தெரிந்திருந்தால் போதும். கிலி கிலி என்ற இடத்தில் தென்னை வரிசைகளை வெட்டி ஓடுதளம் போட்டிருந்தார்கள். மண் தாங்காததால் துளையிட்ட எஃகுப் பலகைகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி விரித்தார்கள். பலகை ஒன்று 10 அடி நீளம், 15 அங்குல அகலம், சுமார் 30 கிலோ எடை, 87 துளைகள். துளைகள் எடையைக் குறைக்கவும் தண்ணீர் வடியவும். மில்ன் விரிகுடாவிலோ தண்ணீர் கீழே வடிவதற்குப் பதில் சேறு மேலே பிதுங்கியது. ஒவ்வொரு விமானமும் இறங்கும்போது பலகை அலைபோல் அமுங்கி எழும்ப, துளை வழியாகக் குழம்பு பீய்ச்சும். அது சிறகின் பின்னால் இறங்கியிருக்கும் மடிப்புகளை அடித்து நசுக்கும், கண்ணாடியை மூடும், துப்பாக்கி வாயில் ஏறும். எண்ணெய் தடவியதுபோன்ற எஃகின்மேல் பிரேக் பிடித்தால் விமானம் வழுக்கிக்கொண்டு பக்கத்துத் தென்னைக்குள் போகும். தரைப் பணியாளர்கள் இரவெல்லாம் அந்தச் சேற்றைச் சுரண்டினார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் போர் இல்லை.

1942 ஆகஸ்டு 25 இரவு ஜப்பானியக் கடற்படை வீரர்கள் கரையேறினார்கள். விடிந்ததும் 75, 76-ஆம் ஸ்குவாட்ரன்களின் கிட்டிஹாக்குகள் கரையில் கிடந்த படகுகளையும் இறக்கிய சரக்கையும் சுட்டு அழித்தன. இது போரின் போக்கையே மாற்றியது. படகு போனதால் ஜப்பானியர் கடலோரமாகத் தாவித் தாவி முன்னேற முடியவில்லை. சேற்றுப் பாதை ஒன்றில் நடந்தே வர வேண்டியதாயிற்று. அதன்பின் விமானிகளின் வேலை நாள் முழுவதும் ஒன்றே: ஏறு, சில நிமிடத்தில் தென்னை உச்சிமட்டத்தில் சுடு, இறங்கு, குண்டு நிரப்பு, ஏறு. எதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. தரைப்படை சொல்லும் மரவரிசையைப் பார்த்துச் சுட்டார்கள். மட்டைகளும் காய்களும் மழையாய்ச் சொரிந்தன. தேய்ந்த துப்பாக்கிக் குழல்களை ஓயாமல் மாற்ற வேண்டியிருந்தது.

ஆகஸ்டு 27 அன்று 76-இன் தலைவர் பீட்டர் டர்ன்புல் ஒரு ஜப்பானிய டாங்கியைத் தாக்கத் தாழ்ந்து போனபோது, சில நூறு அடி உயரத்தில் விமானம் குப்புறப் புரண்டு காட்டுக்குள் விழுந்தது. தலைமை டிரஸ்காட்டுக்கு வந்தது. அந்தப் பத்து நாளும் அவர் செய்த வேலையில் உயரக் கணிப்பு உயிர்க் கணிப்பு. ஆனாலும் தப்பித்தார், திரும்பத் திரும்ப. அதற்கு அவருடைய துணிச்சலை மட்டும் காரணமாகச் சொல்வது சரியல்ல. கீழே தென்னை இருந்தது. கீற்று, நிழல், வரிசை, கரையில் நுரை. கண்ணுக்குப் பிடிக்க ஆயிரம் கொக்கிகள். பச்சை இலை இலையாகப் பிரியத் தொடங்கினால் நெருங்கிவிட்டோம் என்று எந்தக் கண்ணும் சொல்லிவிடும். செப்டம்பர் 7-க்குள் ஜப்பானியர் பின்வாங்கிக் கப்பலேறினார்கள்.

அதன்பின் ஸ்குவாட்ரன் டார்வின் பக்கம் போனது. 1943 ஜனவரியில் ஓர் இரவு, டார்வின்மீது வந்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்றை டிரஸ்காட் வீழ்த்தினார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவுக்கு மாற்றம். அங்கே அமெரிக்கக் கடற்படையினர் ‘பாட்ஷாட்’ என்ற குறிப்பெயரில் ஒரு தளம் வைத்திருந்தார்கள். நீர்மூழ்கிகளுக்கும், ‘பறக்கும் படகு’ எனப்படும், நீரிலேயே இறங்கி ஏறும் கேட்டலினா விமானங்களுக்கும் அது தங்குமிடம். மெல்பர்னிலிருந்து நாட்டின் மறுகோடி. வெயில், உப்பு, ஈ, காத்திருப்பு.

மார்ச் 28 அன்று திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு கேட்டலினாவுக்குத் துணையாக டிரஸ்காட்டும் இன்னொரு விமானியும் பறந்தார்கள். கேட்டலினா இறங்கத் தயாராகித் தாழ்ந்துகொண்டிருந்தது. வழியில் அதன்மேல் பாய்ந்து தாக்குவது போன்ற ஒத்திகை. போர் விமானிகளுக்குத் தினசரிப் பயிற்சி. ஒத்திகையில் கண் எதன்மேல் இருக்கும்? இலக்கின்மேல். கேட்டலினா கிட்டிஹாக்கைவிட மிக மெதுவானது, அதனால் இடைவெளி விரைந்து குறையும், அதைத் தாண்டிக் கீழே போய் மேலெழ வேண்டும். இலக்கோ தாழ்வாகப் பறக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடையில் மிச்சமிருக்கும் வெளி எவ்வளவு என்பதே கேள்வி.

அன்று கடல் கண்ணாடியாகக் கிடந்தது. காற்றில்லாத நாளில் வளைகுடா நீர் அப்படி ஆகும்: அலையில்லை, நுரையில்லை, புள்ளியில்லை. மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தாலும் வானம். தொடுவானத்தில் புழுக்கப்புகை படர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கண் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாத பரப்பில் 20 அடியும் 200 அடியும் ஒன்றாகவே தெரியும். உயரமானி இருக்கிறதே என்றால், அது காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. பாய்ச்சலில் முள் பின்தங்கும், காலையில் வைத்த அழுத்த அளவு மதியம் மாறியிருந்தால் பல பத்து அடி பிழை காட்டும். தாழப் பறக்கிறவர் அதை நம்புவதில்லை, கண்ணைத்தான் நம்புவார்.

பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 300 மைல் வேகத்தில் வெறும் 10 பாகைச் சரிவு என்றால் விநாடிக்கு 23 மீட்டர் கீழே போகிறோம். ஒரு விநாடி தாமதமாக உணர்ந்தால் 23 மீட்டர் போயிற்று. தடியை இழுத்தவுடன் மூக்கு எழும், ஆனால் விமானம் அதே நொடியில் எழாது. உடல் எடை நான்கு மடங்காகும் அளவுக்கு இழுத்தாலும் பாதை மட்டமாவதற்குள் இன்னும் 9 மீட்டர் இறங்கும். மொத்தம் 100 அடிக்குச் சற்று மேல். காட்டுக்கு மேலே அந்த ஒரு விநாடியைக் கண் முன்கூட்டியே மீட்டுக் கொடுக்கும். கண்ணாடிக் கடலில் கொடுக்காது.

பறக்கும் படகுக்காரர்களுக்கு இது பழைய பகை, அதற்கான முறையும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி நீரில் இறங்கும்போது கண்ணால் உயரம் கணிக்க முயலவே கூடாது. கரையோரமாக வந்து மரத்தையோ மணலையோ ஓரக்கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். கரை எட்டாவிட்டால் மிதக்கும் பொருள் எதையாவது வீசி நீரைக் கலைக்க வேண்டும். மூக்கைச் சற்று உயர்த்தி, எஞ்சின் விசையோடு, நிமிடத்துக்கு 100 முதல் 150 அடி என்ற மிக மெதுவான இறக்கத்தை நிலைநிறுத்திவிட்டு, அடிப்பாகம் நீரைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருக்க வேண்டும். நீளமாக, பொறுமையைச் சோதிப்பதாக இருக்கும். அந்தக் கேட்டலினா அன்று தாழ்வாக வந்ததற்கு அது இறங்கப்போகிறது என்பதே காரணம். பாய்ந்து வந்த கிட்டிஹாக்கிடம் அந்தப் பொறுமைக்கு நேரம் இல்லை.

தொடக்கப் பயிற்சியில் அவர் தரையை அருகில் வந்துவிட்டதாகக் கண்டார். எக்ஸ்மவுத்தில் கடலைத் தொலைவில் இருப்பதாகக் கண்டார். முதல் பிழை வளைந்த சக்கரக் காலோடு போயிருக்கும். பயிற்சியாளர்களும் அதைப் பொறுத்துத் தேற்றிவிட்டார்கள். இரண்டாவது அப்படிப்பட்டதல்ல. மட்டமான நீரில் அந்த வேகத்தில் மோதினால் நீர் காங்கிரீட்டாகவே நிற்கும். துணைக்குப் பறந்தவர் பார்த்துக்கொண்டிருக்க விமானம் மோதி உடனே மூழ்கியது.

உடலை மீட்டுப் பெர்த்துக்குக் கொண்டுவந்து, முழு இராணுவ மரியாதையோடு கரகட்டா கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள கிம்பர்லிப் பகுதியின் வடமுனையில் ஆன்ஜோ தீபகற்பத்தில், ஜாவா, போர்னியோ பக்கம் போகும் குண்டுவீச்சு விமானங்களுக்காக இரகசியமாக ஒரு தளம் போட்டார்கள். அதற்கு டிரஸ்காட் என்று பெயர் வைத்தார்கள். செம்மண் நிலத்தில் அந்த ஓடுதளம் இன்றும் இயங்குகிறது. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடைகளுக்குப் போகிற ஹெலிகாப்டர்கள் அங்கிருந்துதான் கிளம்பித் திமோர் கடலைக் கடக்கின்றன.